தொண்ணூற்றாறு குழி

மாரிசெல் வைத்த தட்டில் பதினேழு குழிதான் தேறியது.

ஈவோ மறுபடி எண்ணினான். பதினேழேதான். தொண்ணூற்றாறு குழி உள்ள பிளாஸ்டிக் தட்டு, உள்ளங்கை அகலம். இரண்டு வாரத்துக்கு முன் குழிக்கு ஒரு செல் வீதம் போட்டது. அந்த ஒற்றைச் செல் பிழைத்து, இரண்டாகி, நாலாகி, குழியின் அடியில் கடுகளவு படர்ந்திருந்தால் தேறியது என்று அர்த்தம். மீதி எழுபத்தொன்பதிலும் மைக்ராஸ்கோப்பில் தெரிந்தது சுருங்கிக் கறுத்த ஒரு புள்ளி.

“எவ்வளவு?” என்று பக்கத்து மேசையிலிருந்து மாரிசெல் கேட்டாள்.

“பதினேழு.”

“நவம்பர்ல பதினாலு. இந்த வேகத்துல போனா நான் ரிட்டையர் ஆகறதுக்குள்ள பாஸ் பண்ணிடுவேன்.”

“மத்த ரெண்டு தட்டு?”

“நீயே பாரு. எனக்கு நெஞ்சு தாங்காது.”

பத்தொன்பது. பன்னிரண்டு.

மூன்று தட்டிலும் நாற்பத்தைந்து தாண்ட வேண்டும். தேர்வு மாரிசெல்லுக்கு. தோற்கிறபோதெல்லாம் மாட்டிக்கொள்வது ஈவோ.

மருந்துக் கம்பெனிகளுக்கு செல் வளர்த்துக் கொடுக்கிற இடம் அது. எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளெலியின் சினைப்பையிலிருந்து எடுத்த செல். அதற்குள் மருந்துக்கான மரபணுவை நுழைத்து, ஆயிரக்கணக்கில் வளர்த்து, அதில் நன்றாகச் சுரக்கிற ஒன்றைப் பிரித்து, அந்த ஒன்றிலிருந்து ஒரு வம்சத்தையே பெருக்கித் தர வேண்டும். சிக்கல் அந்த ஒன்றில்தான். கூட்டத்தில் கொழுகொழுவென்று வளர்கிற செல், தனியாக விட்டால் செத்துப்போகும். எந்த ஊர் ஆய்வகத்திலும் இதே கதைதான். நூறு போட்டால் இருபது பிழைப்பது வழக்கம்.

ஈவோ போட்டால் அறுபது பிழைத்தது. பதினைந்து மாதமாக, தட்டு தவறாமல்.

செல் கூட்டம் ஏற்கெனவே வாழ்ந்த ஊட்டத் திரவத்தை வடிகட்டி, தனிச் செல்லுக்கு ஊற்றுவான். எல்லா இடத்திலும் செய்வதுதான். ஆனால் மேலாளர் ட்ரெவர் அதைப் பிடித்துக்கொண்டான். “எங்க ஈவோவோட சூப்” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னான். மூன்று கம்பெனிகளோடு போட்ட ஒப்பந்தத்தில் ஈவோ மாருசிச் என்ற பெயர் அச்சாகியிருந்தது. இந்த வேலையை இவர்தான் செய்வார் என்று. அதனால் அவன் விலகுவதென்றால் ஆறு மாத நோட்டீஸ். அதே எண்ணிக்கையை எடுக்கிற வேறொரு ஆள் கிடைத்தால் அன்றைக்கே விடுதலை.

அவனுக்கு ஆறு மாதம் இல்லை. பிப்ரவரி ஐந்தாம் தேதி, கடலுக்கு அந்தப் பக்கம் ஹோபார்ட்டில் பள்ளி திறக்கிறது. அவன் மகள் டெஸ்ஸி முதல் முதலாகப் பள்ளிக்குப் போகிறாள். ஹோபார்ட் ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் ஒரு வேலை பேசி வைத்திருந்தான். அதற்குள் ட்ரெவரிடமிருந்து நல்ல கடிதம் வந்தால் வேலை அவனுக்கு.

மனைவி கெரின் மகளைக் கூட்டிக்கொண்டு ஹோபார்ட்டில் தன் அப்பா அம்மா வீட்டுக்குப் போய்ப் பதினைந்து மாதம் ஆகிறது. சண்டை பெரிதாக ஒன்றும் இல்லை. தட்டு வைத்தால் முதல் ஏழு நாளும் தினம் பார்க்க வேண்டும் என்பது விதி. சனி, ஞாயிறு, ஈஸ்டர், மகளின் பிறந்தநாள், எல்லா நாளும். ஒருநாள் கெரின் பெட்டியைக் கட்டினாள்.

எண்ணி முடித்த அன்று சாயங்காலம் ஃபோனில் கெரின் கேட்டாள்.

“பாஸாயிட்டாளா?”

“இல்ல.”

“உன் செல்லுக்கெல்லாம் என்னப்பா அவ்வளவு கொழுப்பு? உன்கிட்ட மட்டும்தான் வளருமா?”

“இன்னொரு தடவை பாக்கலாம்னு ட்ரெவர் சொல்லியிருக்கான். ஜனவரில.”

“ஈவோ, நான் மிரட்டல. உள்ளதைச் சொல்றேன். தினம் சாப்பிடறப்போ, அப்பா எப்போ வருவார்னு கேக்கறா. ஸ்கூல் முதல் நாள் வருவார்னு சொல்லி வெச்சிருக்கேன். அன்னைக்கும் நீ வரலன்னா அவ கேக்கறதை நிறுத்திடுவா. அப்புறம் நானும் நிறுத்திடுவேன்.”

“வருவேன்.”

“தட்டு எதையும் அடுப்புல வெச்சிட்டு வராத.”

தட்டை இளஞ்சூட்டில் வைக்கும் இன்குபேட்டரை அவள் அடுப்பு என்றுதான் சொல்வாள்.

*

மாரிசெல்லுக்கு நாற்பத்தெட்டு வயது. மணிலாவிலும் சிங்கப்பூரிலும் இருபது வருடம் செல் வளர்த்தவள். அவள் கை பிப்பெட் பிடிப்பதைப் பார்த்தால் தனக்கு இந்தத் தொழில் தெரியாது என்று ஈவோவுக்குத் தோன்றும். சூப்பில் தப்பில்லை; இருவரும் ஒரே பாட்டிலிலிருந்துதான் எடுத்தார்கள். இன்குபேட்டரில் தப்பில்லை, அவனுடைய மூன்றாம் எண்ணை அவளுக்குக் கொடுத்து, அவளுடைய ஐந்தாம் எண்ணை இவன் எடுத்துப் பார்த்தாயிற்று. அவனுக்கு வளர்ந்தது. அவளுக்குச் செத்தது.

“ஒண்ணு நீ மந்திரம் போடறே,” என்றாள், “இல்ல என்னைய அதுங்களுக்குப் புடிக்கல. என் மாமியார் மாதிரி.”

கிறிஸ்துமஸ் விடுமுறையில் இன்னொன்று செய்து பார்க்கலாம் என்று அவள்தான் சொன்னாள். அவள் போட்ட தட்டை அவன் வைத்துக்கொள்வது. அவன் போட்ட தட்டை அவள். கை தப்பா, காவல் தப்பா என்று தெரிந்துவிடும். அவன் சரி என்றான். வேண்டாம் என்று சொல்லக் காரணம் எதுவும் கைவசம் இல்லை.

க்ளேட்டனில் ஆய்வகம் இருந்த வளாகமே காலி. கோடை, நாற்பத்தொரு டிகிரி. வண்டி நிறுத்துமிடத்தில் இரண்டே கார். கிறிஸ்துமஸ் அன்று காலை ஈவோ வந்து, கதவில் அட்டையைக் காட்டினான். யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்று கதவு பதிந்து வைத்துக்கொள்ளும். மூன்றாம் எண் இன்குபேட்டர் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான். பத்து நிமிடம். பதிவுத்தாளை எடுத்து, ‘ஐந்தாம் நாள், தட்டு பார்க்கப்பட்டது’ என்ற கட்டத்தில் டிக் போட்டு, நேரம் எழுதி, கையெழுத்துப் போட்டான்.

இன்குபேட்டரை அவன் திறக்கவில்லை.

கெரின் வீட்டை விட்டுப் போன அந்த வாரத்தில் ஆரம்பித்தது அது. அந்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தான். ஸ்டூலில் உட்கார்ந்தான். எழுந்து கதவைத் திறக்கக் கை வரவில்லை. காரணம் ஒன்றுமில்லை, கை வரவில்லை, அவ்வளவுதான். தாளில் டிக் போட்டுவிட்டுப் போனான். மறுநாளும் அப்படியே. எட்டாம் நாள் ஒருவழியாகத் திறந்தான். அறுபத்தொன்று வளர்ந்திருந்தது.

அடுத்த தட்டுக்கும் அப்படியே செய்தான். செல் வளர்க்கிறவர்களுக்கு இந்த மாதிரிப் பயம் உண்டு. நன்றாக வளர்ந்த நாளில் போட்ட சட்டையையே போட்டுக்கொண்டு வருகிறவர்களை அவனுக்குத் தெரியும். இதுவும் அந்த மாதிரி ஒன்று என்று நினைத்துக்கொண்டான். வளர்வது சூப்பினால் என்று எல்லோரும் சொன்னார்கள். அவனும் சொன்னான். உண்மை தெரியாது என்று சொல்ல முடியாது. தெரிந்துகொள்ளாமல் இருந்தான்.

அந்த ஏழு நாள் பார்வையால் யாருக்கும் பெரிய பயன் கிடையாது. தட்டு கெடாமல் இருக்கிறதா என்று வாடிக்கையாளரின் திருப்திக்காகச் சேர்த்த விதி. ஆனால் பார்த்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் பார்த்திருக்க வேண்டும். மருந்துத் தொழிலில் பொய்க் கையெழுத்தைவிடப் பெரிய குற்றம் கிடையாது. அவன் பெயரில் அப்படி நூற்றுக்கணக்கான கையெழுத்து இருந்தது.

அவன் கிளம்பும்போது மாரிசெல் உள்ளே வந்தாள். கையில் ஒரு டப்பா.

“பன்சித். நூடுல்ஸ்தான், பயப்படாத. மெர்ரி கிறிஸ்துமஸ். எப்படி இருக்கு என் குழந்தைங்க?”

“நல்லா இருக்கு.”

“பாத்தியா?”

“ம்.”

“நான் உன் குழந்தைங்களை தினம் ரெண்டு வேளை பாக்கறேன். பெத்தவனைவிட நல்லா பாத்துக்கறேன். இந்தத் தடவை வளராம எங்க போகும்?”

அவள் கையுறை மாட்டிக்கொண்டு ஐந்தாம் எண் கதவைத் திறந்தாள். தட்டை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்து, குழி குழியாக, அவசரமில்லாமல், தொண்ணூற்றாறையும் பார்த்தாள். ஈவோ டப்பாவைப் பிடித்தபடி நின்றான். ஒன்பது நிமிடம் ஆயிற்று.

*

ஜனவரி மூன்றாம் தேதி எண்ணினார்கள். அவள் போட்டு அவன் வைத்திருந்த தட்டில் ஐம்பத்தைந்து. அவன் போட்டு அவள் வைத்திருந்ததில் பத்தொன்பது.

மாரிசெல் ஜோக் எதுவும் அடிக்கவில்லை. வெளியே போய், அரைமணி கழித்து இரண்டு காகிதத்தோடு வந்தாள். ஒவ்வொரு இன்குபேட்டருக்குள்ளும் வெப்பநிலையைக் குறித்துவைக்கும் ஒரு சின்னக் கருவி உண்டு. அபாய மணி அடித்தால் ஒழிய அதை யாரும் பார்ப்பதில்லை. இரண்டு காகிதத்தையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

ஐந்தாம் எண்ணின் கோடு ரம்பம் மாதிரி இருந்தது. தினம் இரண்டு பல். கதவு திறந்தபோதெல்லாம் சூடு இறங்கி ஏறியிருந்தது.

மூன்றாம் எண்ணின் கோடு மேசை விளிம்பு மாதிரி நேராக இருந்தது. ஏழு நாளுக்கு. எட்டாம் நாளில்தான் முதல் பல்.

“கதவைத் திறக்காம எப்படிப்பா பாத்தே?” என்றாள். “எக்ஸ்ரே கண்ணா?”

ஈவோ காகிதத்தைத் தன் பக்கம் இழுத்தான்.

“சூடு போகுது, காத்து போகுது, தட்டு ஆடுது, வெளிச்சம் படுது. கூட்டமா இருந்தா தாங்கும். ஒத்தையா இருக்கறது எப்படித் தாங்கும்? சூப்பும் இல்ல, மண்ணும் இல்ல. நீ தொந்தரவு பண்ணல, அது பொழச்சிது. நான் தினம் ரெண்டு தடவை அக்கறையா எடுத்து எடுத்துப் பாத்தே கொன்னிருக்கேன்.” அவள் சிரித்தாள். சிரிப்பு நன்றாக இல்லை. “எத்தனை நாளா நடக்குது?”

“பதினஞ்சு மாசம்.”

“கடவுளே.”

“ட்ரெவர்கிட்ட சொல்லப் போறியா?”

“நானா? என் வாய்ல வராது. உன் கையெழுத்து, உன் வாய்.” அவள் காகிதத்தை மடித்தாள். “சரி, விதியை மாத்தலாம்னு சொல்லேன். முதல் வாரம் தொறக்க வேணாம்னு ஒரு சோதனை போட்டுக் காட்டு. புதுசா கண்டுபுடிச்ச மாதிரி.”

அதை அவன் ஏற்கெனவே யோசித்துப் பார்த்திருந்தான். “காட்டினா நல்லா வளரும். அறுபது வரும். அப்போ முதல் கேள்வி என்ன கேப்பாங்க? தினம் தொறந்த உன் தட்டுல எப்படிப்பா இத்தனை நாளும் அறுபது வந்துச்சுன்னு கேப்பாங்க.”

மாரிசெல் அவனையே பார்த்தாள். “நல்லா மாட்டியிருக்கே,” என்றாள்.

சோதனை வென்றால் அவன் பொய் வெளியே வரும். தோற்றால் ஆறு மாதம் இங்கேயே. சும்மா இருந்தாலும் ஆறு மாதம் இங்கேயே. சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பினால் கடிதம் இல்லை, ஹோபார்ட்டில் வேலை இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

கடைசியில் அவன் கேட்டேவிட்டான். கேட்கும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“மூணு தட்டு. ஏழு நாள். நீயும் தொறக்காத. டிக் மட்டும் போடு. பாஸாயிடுவே. உனக்கும் வேலை நிரந்தரமாகும், பிப்ரவரியோட உன் தகுதிகாண் காலம் முடியுதில்ல? நான் ஊருக்குப் போயிடுவேன். அப்புறம் நீ மெதுவா விதியை மாத்திக்கோ. உன் தட்டு, உன் யோசனை.”

“அப்புறம் நான் போட்ட இருபத்தொரு பொய்க் கையெழுத்து?”

“என்னோடதோட சேந்து ஒரு அலமாரில கெடக்கும்.”

 வெளியே சுடும் வடக்குக் காற்று ஜன்னலைத் தட்டியது.

“உன் பொண்ணுக்கு எத்தனை வயசு?”

“அஞ்சு.”

“சரி,” என்றாள்.

*

ஜனவரியில் மேலாளர்கள் யாரும் ஊரில் இருப்பதில்லை. ட்ரெவர் லேக்ஸ் என்ட்ரன்ஸ் கடற்கரையில் கூடாரம் போட்டு மீன் பிடித்துவிட்டுப் பத்தொன்பதாம் தேதிதான் வந்தான். மூக்கு உரிந்திருந்தது. கடைசித் தேர்வுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே ஈவோவிடம் சொன்னான்:

“மேட், இதுவும் புட்டுக்கிச்சுன்னா நீ ஆகஸ்ட் வரைக்கும் என்னோடதான். எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல. உன்னைய ஃபிரிட்ஜ்ல வெச்சுப் பாதுகாக்கணும்னு வாடிக்கைக்காரங்க சொல்றாங்க.”

“இந்தத் தடவை வரும்.”

“வந்தா கடிதம் என் கையால எழுதறேன். ‘தங்கமான பையன், கையெழுத்து மட்டும் கோழி கிளறின மாதிரி’ன்னு.”

அன்று மாரிசெல் மூன்று தட்டு போட்டாள். ஈவோ பக்கத்தில் நின்றான். குழிக்கு ஒன்று. குழிக்கு ஒரே செல்தான் என்பதற்குச் சாட்சியாக முதல் நாள் படம் எடுத்தார்கள். ஒவ்வொரு குழியிலும் ஒரு உருண்டை, ஒளிவட்டத்தோடு, தன்னந்தனியாக. சூப் ஊற்றினாள். ஐந்தாம் எண்ணில் வைத்துக் கதவைச் சாத்தினாள். கண்ணாடி உட்கதவும் பிறகு வெளிக்கதவும் மூடுகிற சத்தம். ஈவோவுக்கு மூச்சு கொஞ்சம் சீரானது. கெரினுக்குச் செய்தி அனுப்பினான்: ‘நாலாம் தேதி கப்பல். ஜீலாங்கிலிருந்து.’ டிக்கெட்டும் எடுத்தான்.

செவ்வாய், அவள் தாளில் டிக் இருந்தது. புதன், டிக் இருந்தது. நீல மை, நேரம், கச்சிதமான கையெழுத்து.

வியாழக்கிழமை மதியம் அவன் சாப்பிட்டுவிட்டு வந்தபோது ஐந்தாம் எண் கதவு திறந்து கிடந்தது. தட்டு மைக்ராஸ்கோப்பில் இருந்தது. மாரிசெல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன பண்றே?”

அவள் நிமிரவில்லை. “பாக்கறேன்.”

“மாரிசெல்.”

“நாற்பதாவது குழி. இரு.”

“எப்போலேருந்து?”

“செவ்வாய்லேருந்து.” நிமிர்ந்தாள். கண் சிவந்திருந்தது. “முதல் நாள் சும்மாதான் டிக் போட்டேன். வீட்டுக்குப் போனேன். சோறு இறங்கல. என் புருஷன் என்னடி ஆச்சுங்கறான், என்னன்னு சொல்ல? பஸ் புடிச்சுத் திரும்பி வந்து, தொறந்து பாத்துட்டுப் போனேன். நேத்து, பாக்காமப் போடலாம்னு உக்காந்தேன். ஒரு மணி நேரம் பேனாவைப் புடிச்சுட்டு உக்காந்திருந்தேன். முடியல. எழுதினா பாக்கணும். இருபது வருஷம் அப்படியே பழகிடுச்சு. உனக்காகச் செய்யலாம்னுதான் நெனச்சேன், சத்தியமா. கை கேக்கல.”

“செத்துப்போயிருக்கும்.”

“பாதிக்கு மேல போயிடுச்சு. மீதி சாயங்காலத்துக்குள்ள போயிடும்.”

அவனுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது.  “இனி புதுசாப் போட்டா பிப்ரவரி அஞ்சாம் தேதிதான் எண்ண முடியும்,” என்றான். கணக்குச் சொல்வது போலத்தான் வந்தது.

“தெரியும்.”

“தெரிஞ்சே பண்ணியிருக்கே.”

“தெரிஞ்சேதான். திட்டு. திட்டினா எனக்கும் கொஞ்சம் ஆறும்.”

அவன் திட்டவில்லை. அவள் மறுபடி குனிந்து மீதிக் குழிகளைப் பார்த்து முடித்து, மணியைப் பார்த்து நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். தட்டை உள்ளே வைத்தாள். எல்லாம் முறைப்படி.

ஈவோ தன் பழைய ஸ்டூலில் உட்கார்ந்தான். மூன்றாம் எண் கதவில் அவன் முகம் மங்கலாகத் தெரிந்தது. ஆகஸ்ட் வரை. தினமும் வந்து, அட்டையைக் காட்டி, பத்து நிமிடம் இதே கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்து, டிக் போட்டுவிட்டுப் போக வேண்டும். ஆகஸ்டிலும், பதிலுக்கு ஒரு ஆள் தேறினால்தான் ட்ரெவர் நல்ல கடிதம் தருவான்; யார் தேறப் போகிறார்கள்? அவன் சொல்லாதவரை யாரும் தேற மாட்டார்கள். நேர்மையான ஆள் எவரை வைத்தாலும் தட்டு சாகும். அவனைப் போலப் பொய் சொல்கிற ஒருவர் வந்தால்தான் அவனுக்கு விடுதலை. ஆறு மாதம் என்று இருந்தது, உட்கார்ந்திருக்கும்போதே முடிவில்லாததாக ஆயிற்று.

எழுந்தான். “ட்ரெவர் ரூம்ல இருக்கானா?”

மாரிசெல் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். “இருக்கான். ஈவோ, லேப் கோட்டைக் கழட்டிட்டுப் போ. அந்த மாதிரி விஷயத்துக்குக் கோட்டோட போகாத.”

*

ட்ரெவர் முழுவதையும் கேட்டான்.  ஈவோ மாரிசெல் எடுத்த இரண்டு காகிதத்தையும் மேசையில் வைத்தான், ரம்பக் கோடும் நேர்க் கோடும். ட்ரெவர் உரிந்த மூக்கைத் தடவிக்கொண்டே பார்த்தான்.

“ஏழு நாளும்?”

“ஏழு நாளும்.”

“சூப்?”

“சூப் சும்மா. எல்லாரும் ஊத்தறதுதான்.”

“மூணு கம்பெனிக்கு நான் சூப்பைப் பத்தி ஒரு மணி நேரம் பேசியிருக்கேன், மேட். படம் போட்டு.” எழுந்து ஜன்னலருகே போனான். “நேத்து சொல்லியிருக்கலாம். ஒரு வருஷம் முன்னாடி சொல்லியிருக்கலாம். நான் மீன் புடிச்சிட்டிருந்தப்போ சொல்லியிருந்தா அங்கயே குதிச்சிருப்பேன்.” திரும்பினான். “அப்போ நீ ஒண்ணும் முக்கியமான ஆள் இல்ல. கதவைத் தொறக்காம இருக்கத் தெரிஞ்ச எவனும் உன் வேலையைச் செய்யலாம்.”

“ஆமா.”

“பதினஞ்சு மாசமா உன்னைய விடாம புடிச்சு வெச்சிருந்தேன். இதுக்கா?”

ஈவோவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கக் கூடாத இடம். கீழே பார்த்துக்கொண்டான்.

தரக் கட்டுப்பாட்டிலிருந்து ப்ரன்வின் வந்தாள். ஒல்லியான பெண். எப்போதும் கழுத்தில் மூக்குக்கண்ணாடி தொங்கும். அவளுக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னான். அவள் எழுதிக்கொண்டாள். எத்தனை தட்டு, எந்தெந்த வாடிக்கையாளர், எந்தெந்தத் தேதி. செல் வம்சத்தில் குறை இல்லை, முதல் நாள் படம் எல்லாவற்றுக்கும் இருக்கிறது என்று அவளே சொன்னாள். கெட்டுப்போனது தாள் மட்டும். தாளைச் சரிசெய்ய ஒரு வருடம் ஆகும் என்றும் அவளே சொன்னாள்.

வேலை அன்றோடு போயிற்று. கடிதம் பற்றி யாரும் பேசவில்லை. பேச என்ன இருக்கிறது?

“வாடிக்கையாளர் ஆளுங்க முன்னாடி விசாரணை ஒண்ணு வைக்கணும்,” என்றாள் ப்ரன்வின். “நேர்ல வரணும். அவங்க சேந்தாப்ல வரக்கூடிய நாள் ஒண்ணுதான் இருக்கு. பிப்ரவரி அஞ்சு, வியாழன், காலைல பத்து மணி.”

“முடியாது.”

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவனைப் பார்த்தாள். “நீ முடியாதுன்னு சொல்ற நிலைமைல இல்ல, ஈவோ.”

“தெரியும். வேற எந்த நாள்னாலும் வர்றேன். மூணாம் தேதி பூராவும் உக்காந்திருக்கேன். ஆறாம் தேதி ஃபோன்ல எவ்வளவு நேரம் வேணும்னாலும் பேசறேன். அஞ்சாம் தேதி முடியாது.”

“வரலன்னா, ஒத்துழைக்க மறுத்தார்னு எழுதுவேன். அது உன் பேர்ல நிக்கும். எங்க வேலை கேட்டாலும் அந்த வரி முன்னாடி வரும்.”

“எழுதிக்கோ.”

“காரணம்?”

“பொண்ணு அன்னைக்கு ஸ்கூல் சேர்றா.”

ப்ரன்வின் பேனாவை வைத்திருந்தாள். எழுதவில்லை. ட்ரெவரைப் பார்த்தாள். ட்ரெவர் ஜன்னலைப் பார்த்தான். வெளியே யாரோ காரைக் கிளப்ப முயன்று, அது இருமிக்கொண்டிருந்தது.

“எழுது,” என்றான் ஈவோ மறுபடி. “உள்ளதை எழுது.”

அவள் எழுதினாள்.

அட்டையை மேசையில் வைத்துவிட்டு அவன் எழுந்தான். மேசை இழுப்பறையில் அவனுடைய பொருள் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு காபிக் கோப்பை, ஒரு ஸ்வெட்டர். மாரிசெல் அனுப்பிவைப்பாள். அந்த வெப்பநிலைக் காகிதங்களை எடுத்தவள் என்று மட்டும்தான் அவள் பெயரைச் சொல்லியிருந்தான். அவள் தட்டு செத்தது முறைப்படி செத்தது. அவள் வேலைக்கு ஆபத்தில்லை.

கதவருகே போனபோது ட்ரெவர் கூப்பிட்டான்.

“ஈவோ.”

திரும்பினான்.

ட்ரெவர் கொஞ்சம் தயங்கினான். “திங்கக்கிழமை புது தட்டு ஆறு போட வேண்டியிருக்கு. ஏழு நாளும் மூடியே வைக்கணுமா? இல்ல நாலு நாள், அஞ்சு நாள் போதுமா?”

ப்ரன்வின் பேனாவை நிறுத்திவிட்டுத் தலை தூக்கினாள்.

ஈவோ யோசித்தான். கேள்வி நியாயமானதுதான். “நாலு போதும்னு நெனக்கறேன்,” என்றான். “நான் ஏழுக்குக் கம்மியா செஞ்சதே இல்ல. மாரிசெல்லைக் கேளு. அவதான் ஒழுங்கா சோதனை பண்ணிச் சொல்வா.”

“நாலு,” என்று ட்ரெவர் ஒரு காகிதத்தின் ஓரத்தில் குறித்துக்கொண்டான்.

வண்டி நிறுத்துமிடத்தில் கார்க் கதவின் கைப்பிடி சுட்டது. உள்ளே உட்கார்ந்து கெரினைக் கூப்பிட்டான்.

“வேலை போயிடுச்சு,” என்றான். “இங்கயும். அங்கயும் கெடைக்காது.”

அந்தப் பக்கம் ஒரு நாய் குரைத்தது. டெஸ்ஸி யாரையோ அதட்டிக்கொண்டிருந்தாள்.

“அடுப்புல ஏதாவது இருக்கா?” என்று கெரின் கேட்டாள்.

“இல்ல.”

“அப்போ நாலாம் தேதி வரைக்கும் அங்க என்ன பண்ணப் போறே?”

 கார் அனலாக இருந்தது; கண்ணாடியை இறக்கினான்.

“இன்னைக்கே கப்பல் இருக்கான்னு பாரு,” என்றாள் அவள். “வந்து சேர். மத்ததை அப்புறம் பேசிக்கலாம். பேச நெறைய இருக்கு, தப்பா நெனச்சுக்காத.”

“சரி.”

“ஏன் போச்சு?”

அவன் சொல்ல ஆரம்பித்தான்.